நான் யாரைப் பார்த்தும் கண்ணடிக்கவில்லை

நாகரசம்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

மரியாதைக்குரிய மச்சான், ஜவளகிரி ராமப்பன் அவர்களுக்கு, உங்கள் தங்கை மாரம்மாவைக் கைப்பிடித்தவனும் சமீபம்வரை ஓவிய ஆசிரியராக இருந்தவனுமாகிய மணிவேல் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நானும் லாவண்யாவும் சுகம். உங்கள் தங்கையும் சுகமாகத்தான் இருக்க வேண்டும். அவள் என்னோடு பேசி இரண்டு வாரம் ஆகிறபடியால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சோறு நேரத்துக்கு வருகிறது, தட்டு மட்டும் கொஞ்சம் சத்தமாக வைக்கப்படுகிறது. அங்கு அக்காவும் பிள்ளைகளும் மாடு கன்றுகளும் நலமாக இருக்க நம் குலதெய்வம் துணை நிற்கட்டும்.

இந்தக் காலத்தில் போய் ஒருவன் கடிதம் எழுதுகிறானே என்று நினைப்பீர்கள். உங்கள் ஊரில் போன் எடுக்க வேண்டுமென்றால் நீங்கள் மேட்டுக்கு ஏறிப் பாறைமேல் நிற்க வேண்டும். அங்கே நின்று நீங்கள் பேசுவதில் பாதி, எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகாவுக்கே கேட்கும். நான் சொல்லப் போவது அப்படிப்பட்ட விஷயம் அல்ல. இன்னொன்று, இந்த வீட்டில் நான் போனைக் கையில் எடுத்தாலே இரண்டு காதுகள் கதவுக்குப் பின்னால் வந்து நிற்கின்றன. ஆகவே கடிதம். அதற்கு முன் ஒரு வார்த்தை. என் பணி நிறைவு விழாவுக்கு நீங்கள் வராததற்குக் கேழ்வரகுக் கொல்லையில் யானை இறங்கியதுதான் காரணம் என்று சொல்லி அனுப்பினீர்கள். நம்புகிறேன். ஆனால் வருஷம் முழுக்கக் காட்டுக்குள் சிவனே என்று கிடக்கிற யானை, சரியாக நான் ரிட்டயர் ஆகிற அன்றைக்குப் பார்த்து எதற்காக இறங்க வேண்டும்? யானையைக் குற்றம் சொல்லவில்லை, நேரத்தைத்தான் கேட்கிறேன். அதை நேரில் பேசிக்கொள்வோம்.

விஷயம் இதுதான் மச்சான். லாவண்யா கல்யாணம் நின்றுபோகிற மாதிரி இருக்கிறது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து ஓசூர் சிப்காட்டில் சூப்பர்வைசராக இருக்கிற நல்லுசாமியும், அவர் சம்சாரம் பேச்சியம்மாளும் எவ்வளவு தங்கமான மனிதர்கள் என்று போன தடவை நீங்களே சொன்னீர்கள். அவர்கள் பையன் ஆனந்தும் நம் லாவண்யாவும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் வந்து, தாங்களே முடிவு செய்துகொண்டார்கள். பிறகு பெரியவர்களாகப் பார்த்து முடிவு செய்தது போல நாமெல்லாரும் நடித்து அதைச் சம்பந்தமாக்கினோம். என் விழா முடிந்த கையோடு வெற்றிலை பாக்கு மாற்ற நாள் சொல்கிறோம் என்று அந்தத் தங்கமான மனிதர்கள் சொல்லியிருந்தார்கள். விழா முடிந்தது. நாள் வரவில்லை. நான் போன் செய்தால் மணி அடித்து அடித்து ஓய்கிறது. ஓசூரில் ஒரு தெரிந்தவரை விட்டுப் பார்க்கச் சொன்னேன், வீடு பூட்டியிருக்கிறதாம். பூட்டு புதுப் பூட்டு என்றார். பூட்டு எதற்குப் புதிதாக வாங்க வேண்டும்?

இது எங்கே தொடங்கியது என்று சொல்கிறேன். குருபரப்பள்ளிப் பக்கத்தில் நான் வேலை பார்த்த அந்தத் தொடக்கப் பள்ளியில், நான் ஓய்வு பெறும் நாள் நெருங்க நெருங்க எல்லோரும் என்மேல் பாசம் காட்டத் தொடங்கினார்கள். எனக்கு அப்போதே உறுத்தியது. தலைமையாசிரியை காளியம்மாள், இத்தனை வருஷமாக நான் கலர் சாக்பீஸ் கேட்டால் ஏதோ நகையைக் கேட்டதுபோல் பார்க்கிறவர், தன் கையால் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். விளையாட்டு ஆசிரியர் மாதவன் என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தார். என்னை அனுப்புவதில் இவர்களுக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று விசாரித்தேன். நான் போன பிறகு ஓவிய வகுப்பையும் மாதவனே பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று தெரிந்தது. கபடிக் கோட்டையே கோணலாகப் போடுகிற மனிதர் மச்சான் அவர். அவர் கையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பூவும் பானையும் மாம்பழமும் என்ன பாடு படும் என்று நினைத்து எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனாலும் பெருந்தன்மையாக இருந்தேன். ஒன்றுமே தெரியாதவன் மாதிரி டீயைக் குடித்தேன்.

விழா அன்று மேடையில் மாலையைப் போட்டு, சால்வையைப் போர்த்தி, மேலே இன்னொரு சால்வையையும் போர்த்தி என்னை உட்கார வைத்துவிட்டார்கள். ஒவ்வொருவராக வந்து என்னைப் புகழ்ந்தார்கள். என் எதிரில் அப்படிப் பேசாதவர்கள் திடீரென்று பேசினால் எனக்கு முதுகுதான் குறுகுறுக்கும். பொழுது போக வேண்டுமே என்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சம்பந்திகளை மனசுக்குள் படம் போட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு இரண்டு குடும்பத்தையும் சேர்த்து ஒரு பெரிய படம் என் கையால் வரைந்து கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. யாருக்கும் சொல்லவில்லை. பேச்சியம்மாளுக்கு வரைவதற்கு நல்ல முகம், அகன்ற நெற்றி, மூக்கு கொஞ்சம் கணக்குக்கு அடங்காத மூக்கு. அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது.

அப்புறம்தான் அந்தக் காரியம் நடந்தது. "சாருக்குப் பிள்ளைங்க ஒரு பரிசு வெச்சிருக்காங்க" என்று மாதவன் மைக்கில் சொல்லிவிட்டு, சுவரோரம் கட்டியிருந்த திரையை இழுத்தார். கயிற்றில் துணி காயப்போட்ட மாதிரி வரிசையாக என் முகங்கள். எல்லா வகுப்புப் பிள்ளைகளும் என்னை வரைந்திருக்கிறார்கள். முதலில் நெஞ்சு நிறைந்துதான் போனது, மறைக்கவில்லை. காதுகளை வழக்கம்போல் நெற்றிக்கு நேராக ஏற்றி வைத்திருந்தார்கள், கண்ணுக்கு நேராகத்தான் காது தொடங்க வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். சரி, போகட்டும் என்று அடுத்ததைப் பார்த்தேன், அதற்கு அடுத்ததைப் பார்த்தேன். மச்சான், எல்லாப் படத்திலும் நான் ஒரு கண்ணை மூடியிருந்தேன். ஒரு கண் முழித்திருக்கிறது, ஒரு கண் ஒரு கோடு. வாயோ சிரிக்கிறது, பிள்ளைகள் வரைந்தால் வாய் சிரிக்கத்தானே செய்யும். ஒரு கண் மூடி வாய் சிரித்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று கல்யாணமான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பள்ளிக்கூடச் சுவர் நிறைய ஒரு டிராயிங் மாஸ்டர் வந்தவர்கள் போனவர்களையெல்லாம் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருக்கிறான்!

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். யார் என்று பார்த்து வைத்திருக்கிறேன். பேச்சியம்மாள் அந்தப் படங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நல்லுசாமி காதில் ஏதோ சொன்னார். நல்லுசாமியும் என்னைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். வழக்கப்படி பள்ளி வேனில் எல்லோரும் என்னை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டு, கறிச்சோறு சாப்பிட்டு, வெற்றிலை போட்டுப் போனார்கள். மாதவன் இரண்டு தடவை குழம்பு வாங்கினார். சம்பந்திகள் மட்டும் வீட்டுக்கு வரவில்லை. "அவசர சோலி" என்று நாங்கள் வேனில் ஏறும்போது சொல்லிவிட்டு ஓசூர் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் ஒரு சூப்பர்வைசருக்கு என்ன அவசரம்?

வேன் திரும்பிப் போனதும் உங்கள் தங்கை அந்தப் படங்களைக் கட்டிலில் பரப்பிவைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இத்தினி வருசமா பள்ளிக்கூடம் போறேன் பள்ளிக்கூடம் போறேன்னு போனீங்களே, யாரப் பாத்துக்கினு இருந்தீங்க?" என்றாள். "பிள்ளைங்க தெரியாம போட்டிருக்குதுங்க" என்றேன். "ஒரு புள்ள தெரியாம போடும். ஒட்டுக்கா எல்லாப் புள்ளையுமா தெரியாம போடும்?" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம்கூட வரவில்லை மச்சான், அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் இதைவிட மோசமாகச் சந்தேகப்பட்டிருப்பேன். அன்றைக்கு மூடிய வாய்தான், நடுவில் ஒரே ஒரு தடவை தவிர இன்னும் திறக்கவில்லை.

இதற்குப் பின்னால் ஆள் இருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதே உறுதி. எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரிப் போட்டிருந்தால், யாரோ கரும்பலகையில் மாதிரி போட்டுக் காட்டியிருக்க வேண்டும். அந்த யாரோ மாதவனாகத்தான் இருக்க வேண்டும். மறுநாளே பள்ளிக்கூடம் போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும் காளியம்மாளுக்கு முகம் மாறியது. "சார், நேத்துதானே வழியனுப்பி வெச்சோம்?" என்றார். விசாரிக்க வந்திருக்கிறேன் என்றேன். ரிட்டயரானவர்கள் வந்து பிள்ளைகளை விசாரிக்கக் கூடாது என்றார். அப்புறம் என்னமோ நினைத்துக்கொண்டு, "காலைல உங்க சம்பந்தி போன் பண்ணியிருந்தாருங்க சார்" என்று சொன்னார்.

என்ன கேட்டார் என்றேன். "சார் ஒரு கண்ண மூடிப் பாக்கறாரே, அது எத்தன வருசமா இருக்குன்னு கேட்டாரு" என்றார் காளியம்மாள். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றேன். "உள்ளத சொன்னேன். நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த நாள்லருந்தே இருக்குங்க, கிளாஸ்ல எந்நேரமும் அப்பிடித்தான், எங்களுக்கெல்லாம் பழகிப்போச்சின்னேன்." இதை ஒரு சிரிப்போடு சொல்கிறார் அந்த அம்மாள்! அதற்கு அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "பாவம்னு சொல்லிட்டு வெச்சிட்டாருங்க" என்றார். பாவம் என்றால் யார் பாவம் மச்சான்? நம் பெண்ணா, அவர் பையனா, உங்கள் தங்கையா? அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ விதமாகப் பார்த்துவிட்டேன், ஒன்றும் நமக்குச் சாதகமாக வரவில்லை.

காளியம்மாள் ஆபீஸுக்குள் போன நேரம் பார்த்து மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்தேன். மாதவன்தான் ஓவிய வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார், மேஜைமேல் ஒரு வாலிபாலை வைத்து வரையச் சொல்லியிருந்தார். "என் முகத்தை இப்படி வரையச் சொன்னது யார்?" என்று நேராகக் கேட்டேன். மாதவன் பதறிப்போய், "சார், சத்தியமா நான் முகம் மட்டும் போடுங்கன்னுதான் சொன்னேன், கையெல்லாம் போட்டா பேப்பர் பத்தாதுன்னு" என்றார். பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். "நான் எப்பவாவது உங்களைப் பாத்து இப்படிப் பண்ணியிருக்கேனா?" என்றேன். "பண்ணுவீங்க சார்!" என்று வகுப்பே கத்தியது. எனக்கு உயிரே போய்விட்டது. எப்படிப் பண்ணுவேன் என்று கேட்டேன். அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்று, வலது கையில் பென்சிலைப் பிடித்து, கையை நேராக நீட்டி, இடது கண்ணை மூடி, பென்சில்மேல் கட்டைவிரலை நகர்த்தி என்னை அளந்தார்கள்.

பானை எவ்வளவு உயரம், அதில் வாய் எத்தனை பங்கு, மாம்பழம் அதற்குப் பக்கத்தில் எவ்வளவு என்று நான் எதையும் அப்படித்தானே அளந்து காட்டுவேன். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் அளவு ஆடும், அதனால் ஒன்றை மூட வேண்டும். எங்கள் தொழிலில் முதல் பாடமே அதுதான். வகுப்பில் பிள்ளைகள் என் முகத்தை உற்றுப் பார்த்ததெல்லாம் அந்த நேரத்தில்தான். அவர்கள் வரைந்தது கண்ணடிக்கிறவனை அல்ல, அளக்கிறவனை. பென்சிலும் கையும் பேப்பருக்குள் வராமல் போனதுதான் வினை. அத்தனை சின்னக் கைகள் என்னை நோக்கி நீண்டு நின்றதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. போகிற இடத்துக்கெல்லாம் இதைக் கொண்டுபோகும் இந்தப் பிள்ளைகள் என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான், இவ்வளவு ஒழுங்காக ஒரே நேரத்தில் எழுந்து நிற்கிறார்களே, மாதவன் முன்கூட்டியே பயிற்சி கொடுத்திருப்பாரோ என்று தோன்றியது. விளையாட்டு ஆசிரியர்தானே, டிரில் அவருக்குக் கைவந்த கலை.

அது எப்படியோ போகட்டும், ஆதாரம் கிடைத்துவிட்டது என்று வீட்டுக்கு ஓடிவந்தேன். உங்கள் தங்கை முன்னால் நின்று ஒரு பென்சிலை நீட்டி, கண்ணை மூடி, தண்ணீர்க் குடத்தை அளந்து காட்டினேன். பார்த்தாள். இரண்டு வாரத்தில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள் என்றால் அது அன்றைக்குத்தான். "சரி. பள்ளிக்கூடத்துல பென்சிலு இருந்துச்சி. மேடையில பென்சிலு எங்க போச்சி? மாலையும் கழுத்துமா உக்காந்துகினு, எதிர்ல உக்காந்த சம்பந்தியம்மாவப் பாத்து கண்ண மூடி மூடித் தொறந்தீங்களே, அத நான் பாக்கலன்னா நெனச்சீங்க?"

மச்சான், அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. பேச்சியம்மாளின் அந்த மூக்கு! மாலையும் இரண்டு சால்வையும் இருந்ததால் கையை நீட்ட முடியவில்லை. அதனால் கட்டைவிரலை மாலைக்கு உள்ளே மறைவாக வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் மூடி மூடி அளந்திருக்கிறேன். ஊரே உட்கார்ந்திருக்கிற சபையில், சம்பந்தி பக்கத்திலேயே இருக்க, சம்பந்தியம்மாளைப் பார்த்து. அதைப் பார்த்து ஏற்கெனவே திகைத்துப்போயிருந்த அந்த அம்மாளுக்கு முன்னால் திரையை இழுத்து, சுவர் நிறைய அதே கண்ணைக் காட்டியிருக்கிறார் மாதவன். ஒரு தப்பும் செய்யாத நான் வெளியே சொல்ல முடியாமல் தவிக்கிறேன். எனக்குக் கண்ணில் ஒரு கோளாறாவது இருந்தால் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். என் கண்ணோ இந்த வயதிலும் கழுகுக் கண், அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம்.

இதற்கிடையில் லாவண்யாவின் போக்கும் சரியில்லை. நான் சாப்பிடும்போது என் முகத்தையே பார்க்கிறாள். போன வாரம் ஒருநாள், "அப்பா, அந்தக் காலண்டர்ல என்னா தேதின்னு பாத்து சொல்லுங்க" என்றாள். கையில் போன் வைத்திருக்கிற பெண்ணுக்குக் காலண்டர் எதற்கு? மறுநாள் இரண்டு ஜாக்கெட் துணியைத் தூக்கிக் காட்டி, "இது என்னா கலரு, அது என்னா கலரு?" என்கிறாள். ஆயுளெல்லாம் கலர் சொல்லிக்கொடுத்தவனைப் பார்த்து! ஒன்று அரக்கு, ஒன்று கருஞ்சிவப்பு என்று சரியாகச் சொன்னேன். ஏதோ குழம்பின மாதிரி போய்விட்டாள். அன்று சாயங்காலம் மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்று போனில், "அப்பாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம் ஆனந்த், மொதல்ல ஊருக்குப் போற வேல முடியட்டும்" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். தேதி பார்க்கிறாள், துணி எடுக்கிறாள், ஊருக்குப் போகிற வேலை என்கிறாள். கூட்டிக் கழித்துப் பாருங்கள். சம்பந்திகள் கைகழுவிவிட்டார்கள் என்று தெரிந்து, இரண்டு பேரும் யாருக்கும் சொல்லாமல் கோவில்பட்டிப் பக்கம் போய்க் கல்யாணம் செய்துகொள்ளப் பார்க்கிறார்கள். எனக்கு இருப்பது ஒரே பெண் மச்சான். அவள் கழுத்தில் தாலி ஏறும்போது நான் பக்கத்தில் இல்லாமல் போய்விடுவேனோ என்று பயந்து, ராத்திரியில் எழுந்து அவள் செருப்பு வாசலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

ஆகவே தாய்மாமன் என்கிற முறையில் நீங்கள்தான் இதில் இறங்க வேண்டும். தளி வழியாக வரும் பஸ்ஸைப் பிடித்து ஓசூர் போங்கள். வெறுங்கையோடு போகாமல் கொஞ்சம் கேழ்வரகு மாவு கொண்டு போங்கள். அவர்கள் திரும்பி வந்திருந்தால் உட்கார்ந்து நிதானமாகப் பேசுங்கள். உங்களுக்குக் கோபம் வந்தால் கன்னடத்துக்குத் தாவிவிடுவீர்கள், நல்லுசாமிக்குக் கன்னடம் தெரியாது, ஆனால் திட்டுகிறீர்கள் என்பது எந்த பாஷைக்காரனுக்கும் தெரியும். தாவ வேண்டாம். என் நடத்தையைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம். அவர்களாக எடுத்தால், சட்டைப்பையில் தயாராக வைத்திருக்கும் பென்சிலை எடுத்து, கையை நீட்டி, இடது கண்ணை மூடி அளந்து காட்டுங்கள். வீட்டுப் பீரோவை அளக்கலாம், டிவியை அளக்கலாம், நல்லுசாமியைக்கூட அளக்கலாம். எக்காரணத்தைக் கொண்டும் பேச்சியம்மாள் இருக்கிற பக்கம் திரும்பி அளக்க வேண்டாம்.

இந்தத் தடவையும் யானை வந்துவிட்டது என்று சொல்லி அனுப்ப மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அக்காவுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசிகள். மாடு மனை விளைச்சலோடு நீங்கள் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும், இந்த வேலையை மட்டும் இந்த வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
குற்றமற்ற,
நாகரசம்பட்டி மணிவேல்.

பின்குறிப்பு: உறையில் பசை தடவிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நல்லுசாமியும் பேச்சியம்மாளும். பின்னாலேயே ஆனந்த், கையில் தாம்பாளத்தோடு. கல்யாணப் பேச்சை முறித்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். பேச்சியம்மாள் நேராக என்னிடம் வந்து நெற்றியில் திருநீறு பூசினார், இடது கண்மேல் கொஞ்சம் தீர்த்தம் தெளித்தார். "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீய. அன்னைக்கி மேடையில உங்க கண்ணு படுத பாட்டப் பாத்தேன். பொறவு பிள்ளைய போட்ட படத்தப் பாத்தேன். சின்னஞ்சிறுசுக பொய்யா வரையும்? எங்க அப்பாவுக்கும் ஒரு கண்ணு இப்படித்தான் மங்கிப் போச்சு. படம் போடுதவுகளுக்குக் கண்ணுதான எல்லாம்? வேலைய விட்டுப் போற அன்னைக்கி அதப் போயி எப்படிக் கேக்க? அங்கனயே மஞ்சத் துணியில காசு முடிஞ்சிட்டேன்" என்றார். ஊருக்குப் போய் அவர்கள் மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்திவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார்கள். "நேத்திக்கடன் முடியுத மட்டும் நல்ல காரியம் பேசக் கூடாதும்பா இவ. போன எடுத்தா நீங்க நாளு கேப்பீய, நான் உளறிருவேன். அதான் எடுக்கல. ஆனந்த், லாவண்யா ரெண்டு பேர்ட்டயும் உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னுட்டோம்" என்றார் நல்லுசாமி. லாவண்யா காலண்டரையும் ஜாக்கெட் துணியையும் காட்டியது என் கண்ணைச் சோதிக்கத்தானாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது மச்சான். இல்லாத நோய்க்கு ஓடியிருக்கிறார்களே என்று, ஒரு பென்சிலை எடுத்து இடது கண்ணை மூடி அளந்து காட்டி, அன்றைக்கு மேடையில் அளந்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். பேச்சியம்மாளும் சிரித்தார், தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சிரித்துவிட்டு, "அளவு கெடக்கட்டும் அண்ணாச்சி. இப்ப அளக்குத கண்ணப் பொத்திக்கிட்டு, எப்பவும் மூடுத கண்ணால ஒருக்கா என்னப் பாருங்க" என்றார். எதற்கு என்று தெரியாமலே வலது கண்ணைப் பொத்திக்கொண்டேன். அந்த அம்மாள் முகம் இல்லை மச்சான். மஞ்சளாக ஏதோ அசைந்தது, அதன் பக்கத்தில் வெள்ளையாக நல்லுசாமியின் சட்டை, வேறொன்றும் இல்லை. அளக்கும்போதெல்லாம் அந்தக் கண்ணை மூடியே வைத்திருந்தேன், தனியாக அதால் ஒன்றைப் பார்த்ததே கிடையாது. அது எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை. எல்லாரையும் சந்தேகப்பட்டேன், இதைச் சந்தேகப்படவில்லை. "தெரியல அம்மா" என்றேன். உங்கள் தங்கை, "என்னாங்க, நெசமாவா?" என்று ஓடிவந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவளை நான் அந்தக் கண்ணால் பார்த்தேன், அவளும் தெரியவில்லை.

புரை விழுந்திருக்கும், எடுத்தால் சரியாகிவிடும் என்று நல்லுசாமி சொல்கிறார். நாளைக்குக் கிருஷ்ணகிரியில் கண் டாக்டரிடம் கூட்டிப்போக ஆனந்த் இங்கேயே தங்கிவிட்டான். ஆகையால் மேலே எழுதியது எல்லாம் தள்ளுபடி, ஓசூருக்கு நீங்கள் போக வேண்டாம். கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன், துண்டுகளை ஒட்டிவைத்து உங்கள் தங்கை படித்துவிடுவாள் என்பதால் உங்களுக்கே அனுப்புகிறேன், படித்ததும் அடுப்பில் போடவும். நான்தான், நாளைத் தள்ள வேண்டாம், இந்த வாரமே பாக்கு மாற்றிவிடுவோம் என்று சொல்லிப் பார்த்தேன். பேச்சியம்மாள் கேட்கவில்லை. "உங்க கண்ணு சரியாவட்டும் அண்ணாச்சி. பெத்த பிள்ளைய ரெண்டு கண்ணாலயும் பாத்துக் குடுங்க, நாங்க காத்திருக்கோம்" என்கிறார்.